கிராம சபையில் மைக் கைக்கு வந்தால் எப்படிப் பேசுவது?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு இந்த ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். ஆனாலும் பல பேர் பேசும்போது கூட்டம் பக்கத்து ஆளோடு கதை பேசிக்கொண்டிருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே மனசு தாங்காது. எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடி பக்கம். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். முதல் தடவை பேசப் போகிற பெண்கள் “அக்கா, எப்படி ஆரம்பிக்கிறது?” என்று கேட்டு வருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

கிராம சபையில் பேசுகிற பேச்சு கடைசியில் போய்ச் சேருகிற இடம் தீர்மானப் புத்தகம். ஊராட்சிச் செயலர் அதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் காற்றோடு போய்விடும். அதனால் வீட்டிலேயே உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தில் என்ன எழுதப்பட வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். “எங்க தெருவுக்குத் தண்ணி சரியா வரல” என்றால் செயலரால் என்ன எழுத முடியும்? “கிழக்குத் தெருவின் கடைசி வீடுகளுக்குத் தனிக் குழாய் போட்டு, கேட் வால்வு வைக்க வேண்டும்” என்றால் பேனாவை எடுப்பார். அந்த ஒரு வரிக்குத் தேவையானதை மட்டும் பேசுங்கள். இரண்டு கோரிக்கை இருந்தால் இன்னொன்றைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, தெருவைச் சுற்றி வர வேண்டும். கூட்டத்துக்கு முந்தின நாட்களில் குழாயடியில் நின்று கேளுங்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் திறக்கிறார்கள், எத்தனை வீட்டோடு நின்றுவிடுகிறது, கடைசி வீட்டுக்காரர்கள் எங்கே போய் எடுக்கிறார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அலைச்சலில் ஒரு லாபம் உண்டு: நீங்கள் கேட்டுப் போன ஒவ்வொருவரும் அன்றைக்கு உங்கள் பேச்சைக் கவனிப்பார்கள். தங்கள் வீட்டுக் கதை வருகிறதா என்று காத்திருப்பார்கள் இல்லையா? அவர்களையே கையோடு கூட்டி வாருங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். உங்கள் தெரு திரண்டு வந்தால் அதுவே பாதி பேச்சு.

கூட்டம் காலை 11 மணி என்று போட்டிருந்தாலும் வரவு செலவு வாசித்து, திட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். பிள்ளைகள் அழும், பசி வந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தலைவர் அவர்களே, பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்புகிற அலுவலர்) அவர்களே, வார்டு உறுப்பினர்களே என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் கூட்டம் கலைந்துவிடும். “எல்லாருக்கும் வணக்கம்” போதும். தலைவர் இருந்தாலும், தேர்தல் நடக்காத காலத்தில் அவர் இடத்தில் இருக்கிற தனி அலுவலர் இருந்தாலும் அந்த வணக்கத்துக்குள் வந்துவிடுவார். உடனே இடத்தைச் சொல்லுங்கள். இடத்தின் பெயரைக் கேட்டால் அந்தத் தெரு ஆட்கள் தலை நிமிர்வார்கள்.

இப்படிப் பேசச் சொல்லுவேன்:

“எல்லாருக்கும் வணக்கம். கிழக்குத் தெருவுல 42 வீடு இருக்கு. காலைல ஆறு மணிக்குத் தண்ணி விடுறாங்க. மாரியம்மன் கோயில் தாண்டி இருக்கிற 15 வீட்டுக்குச் சொட்டுக்கூட வர்றதில்ல. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு ஜல் ஜீவன் திட்டத்துலயே சொல்லியிருக்கு. அந்த 15 வீட்டுக்கும் தனிக் குழாய் போட்டு, ஒரு கேட் வால்வு வைக்கணும். இதைத் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கறேன்.”

அவ்வளவுதான். எண்களை உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். மேடைத் தமிழுக்கு மாறினால் குரலும் மாறிவிடும், கேட்கிறவர்களுக்கு நீங்கள் யாரோ ஆகிவிடுவீர்கள்.

இந்தப் பேச்சில் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். முன்வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதைச் சொன்னால் அந்த நிமிஷமே சண்டை வரும், தண்ணீர் மறந்து போகும். வால்வு வந்துவிட்டால் கடைசி வீடுகளுக்குத் தனி நேரத்தில் திறந்துவிடலாம், முன்வீட்டு மோட்டாருக்கு அங்கே வேலை இல்லை. ஆளைப் பேசாமல் வேலையைப் பேசுவதால் கிடைக்கிற பலன் இது. நான் இதில் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். பட்டா, முதியோர் உதவித்தொகை போன்ற தனி ஆள் விஷயங்களை மைக்கில் இழுக்காமல் மனுவாக எழுதிக் கொடுங்கள். அவை வருவாய்த் துறைக்குப் போக வேண்டியவை.

மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். கை நடுங்கினால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கண் எங்கே பார்க்க வேண்டும்? மேசைக்குப் பின்னால் இருக்கிறவர்களையே பார்த்துப் பேசினால் அது மனு கொடுப்பது போல ஆகிவிடும். கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிற ஆத்தாக்களைப் பார்த்துப் பேசுங்கள். அவர்கள் “ஆமா, ஆமா” என்று சொல்ல ஆரம்பித்தால் மேசைப் பக்கம் தானாகத் திரும்பிக் கேட்கும். கடைசியில் நின்றே பழகிப்போன தெருக்காரர்களும் அங்கேதான் இருப்பார்கள். அவர்களுக்குக் கேட்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

யாராவது குறுக்கே கத்தினால் பேச்சை நிறுத்துங்கள். குரலை உயர்த்த வேண்டாம். அவர் முடிக்கும்வரை மைக்கைக் கீழே இறக்கி வைத்திருங்கள். அப்புறம் “அண்ணே, நீங்க சொன்னதையும் எழுதிக்கச் சொல்லுவோம். நான் என் ஒரு விஷயத்தை முடிச்சுடறேன்” என்று விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கூட்டத்துக்கு நிதானமாக இருக்கிறவர் மேல்தான் பிரியம் வரும்.

பேசி முடித்ததும் உட்கார்ந்துவிடாதீர்கள். “இப்ப எழுதினதை ஒரு தடவை வாசிங்க சார்” என்று அங்கேயே கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேட்டே ஆகுங்கள். தெருப் பெயரும் வீட்டு எண்ணிக்கையும் விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மான எண்ணையும் தேதியையும் அந்தத் துண்டுக் காகிதத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபைக்குள் வேலை நடக்கவில்லை என்றால் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தையாக அந்த எண்ணைச் சொல்லி ஆரம்பியுங்கள்.