எத்தனை படி என்று கேளுங்கள்: தாத்தா பாட்டியோடு பினாங்கில் ஒரு பள்ளி விடுமுறை

ஆண்டின் நடுவில் பள்ளி விடுமுறை விட்டதும் நான் செய்த முதல் தவறு, பிள்ளைகளிடம் "எங்கே போகலாம்?" என்று கேட்டது. பதினைந்து இடங்கள் எழுதிய தாள் ஒன்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. அதில் இரண்டு கோலாலம்பூரில் இருந்தன. அதைப் பார்த்த அப்பா, "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஏழாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? அவர் வராவிட்டால் தானும் வரவில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். அத்தோடு தாளும் பயனற்றுப்போனது.

எங்கள் வீடு பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில். அப்பாவுக்கு வயது 79. இரண்டு முழங்கால்களும் ஓய்ந்துவிட்டன. இதயத்துக்காக நீர் மாத்திரை, அதாவது உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை, சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 74, காலையும் இரவும் இன்சுலின். மகனுக்கு 12, மகளுக்கு 8. கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஆகவே பெரும்பாலான நாட்களில் ஓட்டுநர், தாதி, சமையல்காரி, பஞ்சாயத்துத் தலைவி எல்லாம் நான்தான். அந்த விடுமுறையில் எட்டு முறை வெளியே போனோம். ஒன்று பாதியில் நின்றது, ஒன்று அழுகையில் முடிந்தது, மற்றவை நன்றாகவே நடந்தன. அந்த எட்டிலும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே என்ன பார்க்கலாம் என்பதைக் கடைசியாக யோசியுங்கள். கார்க் கதவிலிருந்து முதல் நாற்காலி எவ்வளவு தூரம், உட்காரும் கழிப்பறை எங்கே, நிழல் எந்தப் பக்கம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் முதியவர்கள் நிம்மதியாகக் காரில் ஏறுவார்கள். குந்தும் கழிப்பறை மட்டும் இருந்தால், முழங்கால் போனவருக்கு அது இல்லாததற்குச் சமம். நான் பசாருக்குப் போகும் வழியில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். முடியாவிட்டால், அங்கே போனவர்கள் இணையத்தில் போட்டிருக்கும் படங்களைப் புரட்டுங்கள். சிரிக்கும் முகங்களுக்குப் பின்னால் பெஞ்சு தெரிகிறதா என்பதுதான் உங்களுக்குத் தேவை.

தொலைபேசியில் விசாரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓரிடத்துக்கு அழைத்து, "சக்கர நாற்காலி வருமா?" என்று கேட்டேன். "தாராளமாக வரும்" என்றார்கள். போய்ப் பார்த்தால் வாசலிலேயே மூன்று படி. நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்று காவலர் ஆறுதல் சொன்னார். அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. அவரைப் பலர் நடுவில் மூட்டைபோலத் தூக்குவதா? காரிலிருந்து இறங்காமலேயே திரும்பினோம். அன்றிலிருந்து "வருமா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "எத்தனை படி?" என்றுதான் கேட்கிறேன். பதிலை எண்ணாகச் சொல்ல வேண்டியிருந்தால் எதிர்முனையில் இருப்பவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அடுத்தது நேரம். காலை ஏழரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் பதினொன்றரைக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குமேல் பினாங்கு வெயில் முதியவர்களுக்கு ஆகாது. பிற்பகலில் இடிமழை வந்தால் சக்கர நாற்காலியையும் குடையையும் சேர்த்துப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ஒரு நாளுக்கு ஓரிடம் போதும். பிள்ளைகளுக்குத் தேவையான ஓட்டத்தையும் கூச்சலையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என் கணவர் மாலையில் இளைஞர் பூங்காவுக்கு அழைத்துப்போய் அவர்களைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கொண்டுவருவார். காலையில் தாத்தாவின் வேகத்தில் நடக்கும் பையன் மாலையில் தன் வேகத்தில் ஓடட்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் திணிக்கப் பார்த்த அன்றுதான் அழுகை வந்தது. அழுதது நான்.

காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் நாங்கள் வீட்டில் கேரம் ஆடுவோம்.

இனி மருந்து. இரண்டாவது பயணத்தின்போது அப்பா காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பதையும், நீர் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் என்பதையும் துணி துவைக்கும்போது கண்டுபிடித்தேன். வழியில் கழிப்பறைக்காக எல்லாரையும் நிறுத்தக் கூடாதாம். முதியவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள், ஆனால் சொல்வதில்லை. வயதானால் தாக உணர்ச்சியும் குறைந்துவிடும் என்பதால் தங்கள் உடம்பு வறண்டுபோவது அவர்களுக்கே தெரியாது. நான் கோபிக்காமல் அடுத்த கிளினிக் தேதியில் மருத்துவரிடமே நேராகக் கேட்டேன். வெளியே போகும் நாளில் மட்டும் மாத்திரையைத் திரும்பி வந்தபின் சாப்பிடலாம் என்று அப்பாவுக்கு அவர் அனுமதி கொடுத்தார். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் சொல்லிவிட்டார். இது அப்பாவுக்குச் சொன்ன பதில். உங்கள் வீட்டு முதியவருக்கு அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவின் கதை இன்னும் கொஞ்சம் கடுமையானது. தாவரவியல் பூங்காவில் நடந்தது. 1884-இல் தொடங்கிய பூங்கா அது. நுழைவுக் கட்டணம் இல்லை, கீழ்ப்பகுதியில் பாதை ஓரளவு சமமாக இருக்கும், நிழலும் உண்டு. அங்கே நாகலிங்க மரம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டதும் அம்மாவுக்குப் பத்து வயது குறைந்தது. பூவுக்குள் படமெடுத்த பாம்பும் அதன் கீழே லிங்கமும் இருப்பதைப் பேத்திக்குக் காட்டினார். பிறகு அடுத்த மரம், அதற்கடுத்த மரம். காலைச் சிற்றுண்டியைப் பூங்காவில் சாப்பிடலாம் என்று கட்டி எடுத்துப்போயிருந்தேன். ஆனால் குரங்குகள் எங்கள் பையையே பார்த்துக்கொண்டிருந்ததால், வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று தள்ளிப்போட்டேன். இன்சுலின் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. திடீரென்று அம்மா காரணமில்லாமல் மகளைத் திட்டினார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, விரல்களில் நடுக்கம். சர்க்கரை இறங்கிவிட்டது.

மிட்டாய் டப்பாவைத் திறந்தால் காலியாக இருந்தது. டப்பாவுக்குப் பொறுப்பாளியாக நான் நியமித்திருந்த என் மகள், தன் கடமையை வேறு விதமாகச் செய்து முடித்திருந்தாள். நல்லவேளை, மகனின் பையில் ஒரு பெட்டி ஆரஞ்சுச் சாறு இருந்தது.

அன்று சரியாக நடந்ததைச் சொல்கிறேன்: அரை டம்ளர் பழச்சாறு அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீர், அதாவது சுமார் 15 கிராம் சர்க்கரை. 15 நிமிடம் உட்காரவைத்துவிட்டு மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் சரியான சாப்பாடு. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அவசர எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும். அன்று சரியாக நடக்காதது, இன்சுலினை வீட்டில் போட்டுவிட்டுச் சாப்பாட்டை வழியில் வைத்துக்கொண்டது. இப்போது அம்மா இட்லியைத் தின்று முடித்த பிறகுதான் கார்ச் சாவியைக் கையில் எடுக்கிறேன். பகலிலும் இன்சுலின் தேவைப்படுகிறவர்கள் அதைப் போடும் ஊசிப் பேனாவைக் காரில் விட்டுச் செல்லாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அது கெட்டுப்போகும். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தாலும் உறைந்து வீணாகும்.

இடங்களில் எங்களுக்கு மிகவும் பொருந்தியது கொடிமலை, அதாவது பினாங்கு ஹில். விடிந்ததும் மலை ரயில் ஓடத் தொடங்கிவிடும். வாரநாள் காலையில் போனால் வரிசை குறைவு. மைகாட் அடையாள அட்டையை மறக்காதீர்கள், மூத்தோருக்குக் கட்டணச் சலுகை உண்டு. பெட்டியின் தரை படிப்படியாக ஏறும். ஆகவே சக்கர நாற்காலி இருப்பதை முன்னதாகவே ஊழியரிடம் சொல்லி எந்தக் கதவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகும். மேலே கீழைவிட ஐந்து டிகிரி குளிர் என்பதால் ஒரு சால்வை வேண்டும். 1923-இல் திறந்த பழைய ரயிலில் நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. 2011-இல் வந்த புதிய ரயில் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறது. நடு நிலையத்தில் அம்மாவோடு நின்றதைப் பற்றி அப்பா ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மா முறைத்தார். பிள்ளைகள் விடவில்லை. எல்லாக் கேள்விகளுக்கும், "உங்கள் பாட்டியைக் கேளுங்கள்" என்பதே பதில். மேலே முருகன் கோயில் வரை போய்க் கும்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் அலுக்கவில்லை.

இன்னொரு மலைக்கோயிலான தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. அம்மா அதைக் கீழிருந்தே தரிசித்தார், பிள்ளைகள் அவருக்காக ஏறினார்கள்.

ஜார்ஜ் டவுன் பழைய தெருக்களுக்குச் சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் அஞ்சடியை, அதாவது கடை வாசல்களை ஒட்டிய நடைபாதையை, நம்பாதீர்கள். ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலை ஒவ்வோர் உயரத்தில் கட்டியிருக்கிறார். இரண்டு கடை தாண்டுவதற்குள் சக்கரம் மூன்று முறை முட்டும், பாதி இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கும். நாங்கள் ஞாயிறு காலை, கடை திறக்கும் முன், குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலின் வாசலிலேயே அவர்களை இறக்கிவிடுவோம். சாலையில் வாகனம் குறைவாக இருக்கும்போது நாற்காலியைச் சாலையோரமாகவே தள்ளலாம். சக்கரத்தைத் துடைக்க ஈரத்துணி எடுத்துப்போய், உள்ளே கொண்டுவரலாமா என்று கோயிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் முதலில் பின்னோக்கி இறங்குங்கள். முன்னோக்கித் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் சறுக்கி விழக்கூடும். என் மகன் இதை ஒரு விமானியின் கர்வத்தோடு செய்வான்.

கால் வலிக்காத பயணம் வேண்டுமென்றால், வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து நகரைச் சுற்றும் 'கேட்' (CAT) என்ற இலவச பஸ் இருக்கிறது. ஏறி உட்கார்ந்துவிட்டால் எங்கும் இறங்கத் தேவையில்லை. ஜன்னலில் ஊர் போகும்.

அதே படகுத்துறையில்தான் எங்கள் கடைசிப் பயணம். அப்பா அந்தக் காலத்து ஃபெரியில் 22 ஆண்டு கயிறு கட்டும் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் அந்தப் பக்கமே போகவில்லை. 2023-இல் வந்த புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான் ஏற முடியும், கார்கள் பாலத்தில்தான் போக வேண்டும். உள்ளே குளிர்சாதனம், வரிசையாக நாற்காலிகள். "இது பஸ். படகு என்று சொல்லாதீர்கள்" என்று அப்பா தீர்ப்பளித்தார். ஆனால் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் நெருங்கும்போது எழுந்து நிற்க வேண்டும் என்றார். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, கயிற்றை எறிவதற்குச் சரியான நொடி எது என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பும்போது மகனே அந்த நொடியைச் சொன்னான். கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிட்டான் என்று அப்பா திருத்தினார். பெரியவர்களுக்கும் பயணத்தில் ஒரு வேலை கொடுங்கள் என்று சொல்ல நினைத்திருந்தேன். அன்று அவராகவே எடுத்துக்கொண்டார்.

ஜூன், ஜூலையில் டுரியானுக்காகப் பாலிக் பூலாவ் போகிறவர்கள் துன் சார்டோன் சாலையின் வளைவுகளுக்கு முன் வயிற்றைக் காலியாகவும் வைக்காதீர்கள், நிரப்பியும் வைக்காதீர்கள். அம்மாவுக்கு ஒரே ஒரு சுளை. அதை அவர் கால் மணி நேரம் சாப்பிடுவார்.

பைக்கு வருகிறேன். மாற்று உடுப்பு ஒன்று, ஒரு கைலி, மருந்துப் பட்டியலின் படம் கைப்பேசியில், சர்க்கரை பார்க்கும் கருவி, தண்ணீர், மேரி பிஸ்கட், மடக்கு முக்காலி. கைலியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். விரிப்பு, போர்வை, வெயில் மறைப்பு, நனைந்துவிட்ட கால்சட்டைக்கு மாற்று என எல்லாமாகவும் அது இருந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு அது உதவிய நாளில் யாரும் எதையும் கவனிக்கவில்லை என்பதுபோல் நடந்துகொண்டோம். பிள்ளைகளுக்கும் அதை முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

வீடு திரும்பிய அன்றே பையை மறுபடி நிரப்பிவிடுங்கள். மறுநாள் காலை மறந்துவிடும். மிட்டாய் டப்பா இப்போது அப்பாவின் பொறுப்பில் இருக்கிறது. இரவில் நான் எண்ணிப் பார்ப்பேன், பத்து இருக்க வேண்டும். நேற்று எட்டுதான் இருந்தது. யார் எடுத்தது என்று கேட்டேன். தாத்தாவும் பேத்தியும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.