உப்புத் தண்ணீருக்கு ஒரு மடக்குக் கத்தி

தூத்துக்குடிப் பக்கம் படகில் தூண்டில் போடப் போகும்போது கயிறு அறுக்க ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தேன். டி2 எஃகு. குரோமியம் 12 சதவீதம் அளவில் இருந்தாலும் கார்பன் 1.5 சதவீதம். அந்தக் கார்பன் குரோமியத்தில் கணிசமான பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். உப்புக் காற்றிலேயே புள்ளி புள்ளியாகத் துரு ஏறியது.

மாற்றாக எல்சி200என் எஃகில் வாங்கினேன். இதில் கார்பனின் வேலையில் ஒரு பகுதியை நைட்ரஜன் பார்க்கிறது, குரோமியம் தப்பிக்கிறது. எச்1 எஃகும் துருவுக்கு அசையாது. ஆனால் நேர் விளிம்பில் கூர் சீக்கிரம் மழுங்கும். கயிறு மட்டும்தான் என்றால் அதில் ரம்பப்பல் விளிம்பு எடுக்கலாம்.

அலகை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கைப்பிடிக்குள் இருக்கும் உள்தகடு, பூட்டு, கிளிப், திருகு எல்லாம் எந்த உலோகம் என்று கேளுங்கள். அலகு பளபளவென்று இருக்க, திருகு துருவேறி இறுகிப்போன கத்திகள் உண்டு.

வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் திறந்து மூடி அலசி, விரித்தபடியே உலர்த்துகிறேன். அப்புறம் கீலில் ஒரு சொட்டு எண்ணெய். மீனும் வெட்டுவதால் உணவுக்கு ஏற்ற மினரல் எண்ணெய். கத்தியின் விலை அதிகம்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.