அழிந்த பூச்சியைத் திரும்பக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இடத்திலிருந்து மறைந்துபோன பூச்சியை அதே இடத்தில் மறுபடி கொண்டுபோய் விடலாமா? புலியைப் பற்றி இப்படிக் கேட்டால் நூறு எதிர்ப்புகள் வரும். பூச்சி என்றால் யாரும் பெரிதாகத் தடுக்கமாட்டார்கள். ஒரு பெட்டியில் சில நூறு புழுக்களை எடுத்துப்போனால் போதும், இடமும் பழைய இடம்தான், அப்புறம் என்ன என்று தோன்றும். அப்படி நினைத்துச் செய்த பல முயற்சிகள் வீணாகிவிட்டன. பூச்சியை விடுவதுதான் இந்த வேலையின் கடைசிக் கட்டம். அதை முதல் கட்டமாக வைத்துக்கொள்ளும்போதே தோல்வி தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். இந்த விஷயத்தில் நீண்ட அனுபவம் உள்ள நாடு பிரிட்டன் என்பதால், பெரும்பாலும் அங்கிருந்தே உதாரணங்களை எடுக்கிறேன்.

ஏன் அழிந்தது என்று தெரியாமலே விடுவது

மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது இதுதான். லார்ஜ் ப்ளூ என்ற நீலப் பட்டாம்பூச்சியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்குச் சரிவுகளில் பறந்துகொண்டிருந்த இந்தப் பட்டாம்பூச்சி, 20ஆம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாக மறைந்தது. பட்டாம்பூச்சிகளைப் பிடித்துப் பெட்டியில் குத்தி வைக்கும் சேகரிப்பாளர்கள்தான் காரணம் என்று நீண்ட காலம் நம்பினார்கள். அவர்களைத் தடுக்க வேலி போட்டுக் காவல் காத்தார்கள். வேலி போட்டதும் ஆடுமாடுகள் உள்ளே போவது நின்றது, புல் உயர்ந்தது, பட்டாம்பூச்சியும் காணாமல் போனது. பாதுகாப்பதாக நினைத்துச் செய்ததே அதற்குக் கேடாக முடிந்தது.

1970களின் தொடக்கத்தில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர், எஞ்சியிருந்த கடைசிக் கூட்டங்களின் வாழ்க்கையை முட்டையிலிருந்து கூர்ந்து கவனித்தார். தாய்ப் பூச்சி தைம் செடியின் மொட்டுகளில் முட்டையிடுகிறது. புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழுகிறது. அதன் உடலில் சுரக்கும் இனிப்பு நீரும் மணமும் சிவப்பு எறும்புகளை ஏமாற்றுகின்றன. தங்கள் குஞ்சு என்று நினைத்து எறும்புகளே அதைக் கூட்டுக்குள் தூக்கிப்போகின்றன. அங்கே பத்து மாதத்துக்கு நெருக்கமாக எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளர்கிறது. அதன் எடையில் மிகப் பெரும்பகுதி எறும்புப் புற்றுக்குள்தான் ஏறுகிறது.

சிவப்பு எறும்பு இனங்கள் பல, எல்லாமே இந்தப் புழுவைத் தூக்கிப்போகக்கூடியவை. ஆனால் மிர்மிகா சபுலெட்டி என்ற ஒரே ஓர் இனத்தின் கூட்டில்தான் அது கணிசமாகப் பிழைக்கிறது. அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். இங்கிலாந்தின் குளிரில் அப்படிப்பட்ட மண், தெற்கு நோக்கிய சரிவில் புல்லை ஒட்ட மேய்ந்த இடத்தில்தான் கிடைக்கும். புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே தரை குளிர்ந்து, வேறு எறும்பு இனம் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

1950களில் மிக்ஸோமடோசிஸ் என்ற நோய் பிரிட்டனின் முயல்களை ஏறக்குறைய முழுவதுமாகக் கொன்றது. செங்குத்தான சரிவுகளில் ஆடுமாடு மேய்ப்பது கட்டுப்படியாகாமல் விவசாயிகளும் விட்டுவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் பழையபடிதான் தெரியும். தைம் இருக்கிறது, சிவப்பு எறும்பு இருக்கிறது, புழு கூட்டுக்குள்ளும் போகிறது. பட்டாம்பூச்சிதான் வெளியே வருவதில்லை. இந்தக் காரணம் புரிந்தபோது கடைசிக் கூட்டம் மிகவும் சிறுத்திருந்தது. 1970களின் நடுவில் வந்த கடும் வறட்சியையும் அது தாங்க வேண்டியிருந்தது. 1979இல் இனம் பிரிட்டனில் இல்லாமல் போனது.

அப்புறம் செய்ததுதான் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியது. முதலில் மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதரை வெட்டினார்கள். சரியான எறும்பு சரியான அளவில் பரவியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகே, 1983 முதல், சுவீடனின் ஓலாண்ட் தீவிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்தார்கள். இன்று சாமர்செட்டிலும் க்ளாஸ்டர்ஷயரிலும் அந்தப் பட்டாம்பூச்சி மறுபடி பறக்கிறது. க்ளாஸ்டர்ஷயரின் ராட்பரோ காமன் என்ற மேய்ச்சல் மேட்டில் 2019இல் சுமார் 1,100 புழுக்களை விட்டார்கள். அடுத்த கோடையில் ஏறக்குறைய 750 பட்டாம்பூச்சிகள் வெளிவந்ததாக மதிப்பிட்டார்கள். அந்த இடத்தைத் தயார் செய்வதற்கு மட்டும் ஐந்தாண்டு உழைப்பு.

அதனால் "அது தின்னும் செடி அங்கே இருக்கிறது" என்று யாராவது காரணம் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பூச்சிக்குச் செடி தேவைதான். ஆனால் புல்லின் உயரம், மண்ணின் சூடு, எந்த எறும்பு, எந்த மாதம் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அதற்கு வாழிடம்.

சிறிய துண்டு நிலத்தை நம்புவது

லார்ஜ் காப்பர் என்ற செம்பு நிறப் பட்டாம்பூச்சி கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் வாழ்ந்தது. அந்தச் சதுப்புகளை வடித்து வயலாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பட்டாம்பூச்சி அழிந்தது. இங்கே காரணத்தைத் தேடவே வேண்டியதில்லை, கண்ணெதிரே இருந்தது. 1927இல் நெதர்லாந்திலிருந்து அதன் நெருங்கிய துணையினத்தைக் கொண்டுவந்து, மிஞ்சியிருந்த வுட்வால்டன் ஃபென் என்ற சதுப்பில் விட்டார்கள்.

அது அங்கே பல பத்தாண்டுகள் இருந்தது. ஆனால் சொந்தக் காலில் நிற்கவில்லை. ஒட்டுண்ணிகளிடமிருந்து காக்கப் புழுக்களுக்குக் கூண்டு போட்டார்கள். 1960களின் இறுதியில் வெள்ளம் வந்து கூட்டம் அழிந்தபோது, வளர்த்து வைத்திருந்தவற்றைக் கொண்டுவந்து மறுபடி விட்டார்கள். கடைசியில் 1990களில் அதுவும் முடிந்துபோனது. சுற்றிலும் வயல்கள் இருக்க, நடுவே இருந்த ஒரே சதுப்பில் ஒரு மோசமான ஆண்டு வந்தால் பூச்சி வேறெங்கே ஒதுங்கும்? பூச்சிகளின் எண்ணிக்கை ஒரு கோடையில் பெருகும், அடுத்த கோடையில் சரியும். பக்கத்தில் இன்னும் நாலைந்து இடங்கள் இருந்தால், ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோர் இடத்திலிருந்து திரும்பி வரும். நாலைந்து இடங்களுக்கு வழியில்லை என்றால் தொடங்காமல் இருப்பதே மேல் என்று சொல்வேன்.

கைக்கு எட்டும் இடத்திலிருந்து எடுத்துவருவது

செக்கர்டு ஸ்கிப்பர் என்ற சிறு பட்டாம்பூச்சி இங்கிலாந்தில் 1976இல் மறைந்தது, ஸ்காட்லாந்தில் மட்டும் மிஞ்சியது. அங்கிருந்தே எடுத்துவரலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஸ்காட்லாந்துப் பூச்சி ஈரமான, சேறான நிலத்தின் புல்லில் வளர்வது. இங்கிலாந்தில் இருந்ததோ காட்டுப் பாதைகளின் ஓரப் புல்லில் வளர்ந்தது. அதனால் 2018இல் நார்தாம்ப்டன்ஷயரின் ராக்கிங்ஹாம் காட்டில் விடுவதற்கு பெல்ஜியத்திலிருந்து கொண்டுவந்தார்கள். அந்தப் பூச்சிதான் இங்கிலாந்தில் இருந்ததைப் போன்ற காட்டில் வாழ்கிறது. நாடு வேறு என்றாலும் பழக்கம் ஒன்று.

பம்பிள்பீ என்ற பெரிய ரோமத் தேனீக்களில் ஓர் இனத்துக்கு நேர்ந்ததையும் பாருங்கள். ஷார்ட்-ஹேர்டு பம்பிள்பீ பிரிட்டனில் கடைசியாகக் காணப்பட்டது 1988இல், டஞ்ஜனஸ் கடலோரத்தில். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிவப்பு க்ளோவர் பயிரின் மகரந்தச் சேர்க்கைக்காக பிரிட்டனிலிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுபோனவற்றின் வாரிசுகள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தன. சொந்த ரத்தத்தையே வீட்டுக்குக் கூட்டிவருகிறோம் என்று எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். ஆனால் அவை மிகச் சில ராணிகளிலிருந்து வந்தவை, மரபணுப் பன்மை குன்றியவை. அங்கிருந்து கொண்டுவரும் முயற்சி பலிக்கவில்லை. பிறகு சுவீடனின் தென்பகுதியை நாடினார்கள். அங்கிருந்து வந்த ராணிகளைத் தனிமைப்படுத்திச் சோதித்து, ஒட்டுண்ணியும் நோயும் இருந்தவற்றைக் கழித்து, 2012இல் 51 ராணிகளை டஞ்ஜனஸில் விட்டார்கள்.

இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவரும்போது அதன் உடலுக்குள் இருப்பதும் கூடவே வருகிறது. அங்கே ஏற்கனவே தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் மற்ற அரிய தேனீக்களுக்கு அது பரவினால், ஒன்றைச் சேர்க்கப்போய் மூன்றை இழப்போம். அதேபோல, எடுக்கும் இடத்தில் எத்தனை இருக்கின்றன, எத்தனை எடுத்தால் அந்தக் கூட்டம் தாங்கும் என்ற கணக்கும் முன்கூட்டியே வேண்டும்.

யாருக்கும் சொல்லாமல் விடுவது

2023 கோடையில் தென் லண்டனில் திடீரென்று பிளாக்-வெயின்டு ஒயிட் பட்டாம்பூச்சிகள் பறந்தன. பிரிட்டனில் 1920களிலேயே அழிந்துபோன இனம் அது. யாரோ வளர்த்து விட்டிருக்கிறார்கள் என்று நிபுணர்கள் முடிவுக்கு வந்தார்கள். விட்டவருக்குப் பூச்சிமேல் அன்பு இருந்திருக்கலாம். ஆனால் எங்கிருந்து வந்தது, நோய் உண்டா, எத்தனை விட்டார்கள் என்று எதுவும் பதிவில் இல்லை. அடுத்த ஆண்டு ஒன்று தென்பட்டால் அது இயற்கையாக வந்ததா, விட்டதன் வாரிசா என்றும் சொல்ல முடியாது. பல ஆண்டுகளாகக் கவனமாக எடுத்த கணக்கெடுப்பையே இது குழப்பிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே கூண்டில் வைப்பது

ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹாவ் தீவில் கையளவு நீளமுள்ள குச்சிப்பூச்சி ஒன்று இருந்தது. 1918இல் மக்காம்போ என்ற கப்பல் தரைதட்டியபோது எலிகள் கரையேறின. சில ஆண்டுகளில் பூச்சி தீர்ந்தது. 2001இல், 23 கிலோமீட்டர் தள்ளி கடலுக்குள் நிற்கும் பால்ஸ் பிரமிட் என்ற பாறைத்தூணில், ஒரு புதரின் கீழ் 24 பூச்சிகளை மறுபடி கண்டுபிடித்தார்கள். 2003இல் இரண்டு ஜோடிகளை மட்டும் எடுத்தார்கள். சிட்னிக்குப் போன ஜோடி சில வாரங்களில் இறந்தது. மெல்போர்ன் உயிரியல் பூங்காவுக்குப் போன ஜோடியின் பெண்ணும் சாகக் கிடந்து பிழைத்தது. இரண்டையும் ஓரிடத்துக்கே அனுப்பியிருந்தால், அதுவும் தவறான இடமாக இருந்திருந்தால்? பின்னாளில் முட்டைகளை பிரிஸ்டல், சான் டியேகோ போன்ற வேறு பூங்காக்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள்.

கூண்டில் ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகும் அவசரப்பட்டுத் தீவில் கொண்டுபோய்க் கொட்டவில்லை. எலி இருக்கும்வரை அது எலிக்குத் தீனிதான். எலியை ஒழிக்கும் பெரிய வேலை 2019இல்தான் நடந்தது. இத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் பொறுமைக்கும் செலவுக்கும் தயாராக இல்லாதவர்கள் கூண்டு வளர்ப்பைத் தொடங்கவே கூடாது.

எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யாதது

எத்தனை ஆண்டு முயல்வது, எந்த அளவுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்பதை முதல் பூச்சியை விடும் முன்பே எழுதி வைக்க வேண்டும். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படி விலகும் வழியைத் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்கிறது. இல்லாவிட்டால் வுட்வால்டன் போல, வளர்த்து வளர்த்து விட்டுக்கொண்டே காலம் போகும். எண்ணும்போது விட்ட ஆண்டின் எண்ணிக்கையை வைத்து மகிழவும் வேண்டாம். அங்கேயே பிறந்து, அங்கேயே முட்டையிட்ட தலைமுறைகள் எத்தனை என்பதுதான் கணக்கு.

எனக்கு இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம்: அந்தப் பூச்சி நிலைக்காமலே போனாலும் இந்த நிலத்தைச் சீர்செய்தது பயன்படுமா? டஞ்ஜனஸில் அந்தத் தேனீ இதுவரை நிலைகொள்ளவில்லை. ஆனால் அதற்காக விவசாயிகள் நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் பூச்செடி வரப்புகளையும் க்ளோவர் புல்வெளிகளையும் உருவாக்கினார்கள். அங்கே பல ஆண்டுகள் காணாமல் போயிருந்த ரூடரல் பம்பிள்பீ உட்பட வேறு சில அரிய தேனீக்கள், யாரும் கொண்டுவந்து விடாமலே, தாமாகத் திரும்பி வந்தன.