புகைத்தலை விடும் குழுவுக்கு ஆள் சேர்ப்பது எப்படி? திருகோணமலைக் கரையோரத்துக்குச் சில குறிப்புகள்

காலை பத்து மணிக்குப் பொதுமண்டபத்தில் கூட்டம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால் வருவது பெரும்பாலும் பெண்களும் ஓய்வூதியக்காரரும்தான். இலங்கையில் புகைப்பவர்கள் அனேகமாக ஆண்கள். அந்த நேரம் அவர்கள் ஆட்டோ தரிப்பிடத்தில் நிற்பார்கள், இல்லாவிட்டால் இரவுக்கடலுக்குப் போய்வந்து நித்திரையில் இருப்பார்கள். ஆகவே நேரத்தையும் இடத்தையும் முதலில் தீர்மானியுங்கள்.

திருக்கடலூர், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும். ஆட்கள் கரையில் இருப்பார்கள். பின்னேரம் மீனவர் தங்கும் கரையோரக் கொட்டிலான வாடியிலேயே கூடுங்கள். கரைவலைக்காரர் என்றால் முதலில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் பேசுங்கள். அவர் தலையாட்டாமல் ஒருவரும் வரமாட்டார். கிண்ணியா, மூதூரில் நோன்புக்கு ஒரு கிழமை முன்பு தொடங்கலாம். பகல் முழுக்கப் புகைக்காமல் இருப்பவர் நோன்பு திறந்த பிறகுதான் சறுக்குவார். சந்திப்பை இரவில் தராவீஹ் தொழுகை முடிந்த கையோடு வையுங்கள்.

வந்த பெண்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். வீட்டில் யார் புகைக்கிறார் என்பது அவர்களிடம்தான் தெரியவரும். ஆனால் "உங்கட மனுசிதான் சொன்னவ" என்று போய் நின்றால் ஆளும் வரமாட்டார், வீட்டிலும் சண்டை. மருத்துவமாது கர்ப்பிணி வீட்டுக்குப் போகும்போது கணவரிடம் நேரே கேட்பது இதைவிட நல்லது.

பெயர் பதியும்போது மூன்று கேள்வி. எழும்பி எத்தனை நிமிடத்தில் முதல் சிகரட்? 30 நிமிடத்துக்குள் என்றால் அடிமைத்தனம் கூட. அவருக்குப் பேச்சு மட்டும் போதாது, மருத்துவரிடமும் அனுப்புங்கள். ஒரு நாளைக்கு எத்தனை? உதிரியாக வாங்குபவருக்குக் கணக்குத் தெரியாது. விடிந்ததிலிருந்து எந்தெந்தக் கடையில் நின்றார் என்று கேட்டு நீங்களே எண்ணுங்கள், பீடியையும் சேர்த்து. வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா? போடுபவர் சிகரட்டை விட்டதும் வாயில் போடுவதைக் கூட்டிவிடுவார். தியோபிலின் (மூச்சிழுப்புக்கு), குளோசபின் (மனநோய்க்கு) மருந்து எடுப்பவர் இருந்தால் புகையை நிறுத்துமுன் மருத்துவரிடம் சொல்லவேண்டும். புகை நின்றால் இரத்தத்தில் அந்த மருந்துகளின் அளவு ஏறும்.

ஒரு குழுவுக்கு 8 முதல் 12 பேர். இரண்டாம் சந்திப்பில் விடும் நாளைக் குறியுங்கள். விட்ட பின் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உடல் அதிகம் படுத்தும். அப்போது கட்டாயம் தொலைபேசியில் கூப்பிடுங்கள். தேத்தண்ணியையும் பாதியாக்கச் சொல்லுங்கள். புகை நின்றதும் கஃபீன் உடலில் கூடுதல் நேரம் தங்கும். அந்தப் படபடப்பையும் நித்திரையின்மையையும் சிகரட் இல்லாத குறை என்று நினைத்துப் பலர் திரும்பப் பற்றவைக்கிறார்கள்.

நடுவில் காணாமல் போகிறவர் அனேகமாக ஒன்று பற்றவைத்துவிட்டு வெட்கத்தில் ஒளிப்பவர். பெயரை வெட்டாமல் போய்ப் பாருங்கள். புது நாள் குறியுங்கள். மாசி, பங்குனியில் கடல் அடங்கியதும் போட்டில் பக்கத்தில் இருப்பவர் ஒன்றை நீட்டுவார். அதனால் ஒரே போட்டுக்காரரை ஒரே குழுவில் சேர்ப்பதுதான் புத்தி. அது சரிவராவிட்டால், கரையில் இருக்கும் நேரம் ஆலோசனை கேட்க 1948 என்ற இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து கொடுங்கள்.