பூனைக்கு விக்கல் வந்தால் செய்யக் கூடாதவை

தாயைப் பிரிந்த பூனைக்குட்டிகளை எடுத்து வளர்த்து, கொஞ்சம் தேறியதும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது எனக்குக் கிட்டத்தட்ட வேலை மாதிரியே ஆகிவிட்டது. குட்டி புது வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் போன் வராமல் இருக்காது. சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படுவது விக்கல்தான். பேசுகிறவர் பதற்றத்தில் இருப்பார். பின்னால் யாரோ "தண்ணி கொடு, தண்ணி கொடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பின்னால் இருக்கிற அந்த ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே வரும் தவறுகளில் பாதி ஆரம்பத்தில் நானும் செய்தவை என்பதால், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது போனிலேயே தெரிந்துவிடுகிறது.

மூக்கைப் பொத்துவது, நாக்கைப் பிடித்து இழுப்பது, தலைகீழாகத் தூக்குவது எல்லாம் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்லது என்று நினைத்துச் செய்வதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் விக்கல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் வெடுக்கென்று சுருங்குகிறது. காற்று உள்ளே இழுபடுகிறது. உடனே குரல்வளை மூடிக்கொள்கிறது. நமக்கு அந்த மூடலில்தான் சத்தம் வருகிறது. பூனைக்குப் பல சமயம் சத்தமே வராது. விலா ஓரம் ஒரு வெட்டு வெட்டும், தலை லேசாக ஆடும். சத்தம் வந்தாலும் 'க்' என்று சின்னதாகத்தான் வரும். வாய் மூடியே இருக்கும். பூனை சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். குட்டியாக இருந்தால் விக்கிக்கொண்டே தூங்கியும் போகும். பெரும்பாலும் சாப்பிட்ட கையோடு வந்து சில நிமிடங்களில் போய்விடும். குட்டிகளுக்கு அதிகம், வளர்ந்த பூனைக்கு அபூர்வம். இவ்வளவுதான் விக்கல். இதற்கு நீங்கள் செய்ய வேண்டிய சிகிச்சை எதுவும் இல்லை.

வாயில் தண்ணீர் ஊற்றுவது

சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, ஆனால் இது நிற்கவில்லை.

ஒரு சாம்பல் நிறக் குட்டியை ஒரு பையனிடம் கொடுத்திருந்தேன். இரவு போன் செய்தான்.

"அக்கா, சாப்பிட்டதுலேருந்து விக்கிக்கிட்டே இருக்கு. நிக்கவே மாட்டேங்குது."

"எவ்வளவு நேரமா, தம்பி?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"விட்டுடு. தானா நிக்கும். வாயில எதையும் ஊத்தாதே."

சரி என்றான். அரை மணி நேரத்தில் செய்தி அனுப்பினான்: "சிரிஞ்சுல தண்ணி கொடுத்தோம் அக்கா, நின்னுடுச்சு." கூடவே ஒரு படம். துண்டில் சுற்றிய குட்டி, கைக்குழந்தையைப் போல மல்லாக்கக் கிடக்கிறது. முகத்து முடியெல்லாம் நனைந்து, ஒரு நாசித் துளையில் ஒரு சின்ன நீர்க்குமிழி. எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து 'எவ்வளவு அழகு' என்றிருப்பார்கள். எனக்கு அந்தக் குமிழிதான் தெரிந்தது.

மறுநாள் மாலை குட்டி சாப்பிடவில்லை. ஒரு மூலையில் முதுகைக் கூனி, முழங்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே போய் வெளியே வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு பகுதி வெளேரென்று இருந்தது. தண்ணீர் புரையேறி வந்த நிமோனியா. ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், நெபுலைசர் என்று ஒன்றும் இல்லாத விக்கலுக்காகப் பல நாள் மருத்துவமனை வாசம். அந்தக் குட்டி பிழைத்தது. எல்லாக் குட்டியும் பிழைப்பதில்லை.

எனக்கு எரிச்சல் மூட்டுவது எது தெரியுமா? தண்ணீர் கொடுத்ததும் விக்கல் 'நின்றுவிடுகிறது'. எப்படியும் நின்றிருக்கும். ஆனால் கொடுத்தவர் மனதில் வைத்தியம் பலித்தது என்று பதிந்துவிடும். அடுத்த பூனைக்காரருக்கும் சொல்லிக் கொடுப்பார். நுரையீரலில் இறங்கிய தண்ணீர் சில மணி நேரம் கழித்தோ ஓரிரு நாள் கழித்தோதான் வேலையைக் காட்டும் என்பதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதுமில்லை. "திடீர்னு சளி பிடிச்சுடுச்சு" என்பார்கள்.

நாம் விக்கலுக்குத் தண்ணீர் குடிக்கும்போது நாமே மூச்சை அடக்கி, நாமே விழுங்குகிறோம். பூனை அப்படி விழுங்கத் தயாராக இல்லை, அது திமிறிக்கொண்டிருக்கிறது. மல்லாக்கப் போட்டால் தண்ணீர் நேரே தொண்டையின் பின்பக்கம் போய் நிற்கும். அந்த நேரம் பார்த்து ஒரு விக்கல் வந்தால்? ஒவ்வொரு விக்கலும் வெடுக்கென்று உள்ளிழுக்கும் ஒரு மூச்சு. தொண்டையில் நிற்கும் தண்ணீரும் காற்றோடு சேர்ந்து மூச்சுக்குழாய்க்குப் போகும். விக்காத பூனைக்கு ஊற்றுவதைவிட விக்குகிற பூனைக்கு ஊற்றுவது ஆபத்து.

தண்ணீருக்குப் பதில் எண்ணெய் கொடுக்கிறவர்களும் உண்டு. பூனை நக்கி விழுங்கிய முடி வயிற்றில் திரளும் முடியுருண்டைதான் விக்கலாக வருகிறது என்று யாரோ சொல்ல, மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லிக்விட் பாரஃபினை ஊற்றுவார்கள். இது தண்ணீரைவிட மோசம். அதற்கு ருசியும் இல்லை, தொண்டையை உறுத்துவதும் இல்லை. அதனால் புரையேறினாலும் இருமல்கூட வராமல் நைசாக நுரையீரலுக்குள் வழுக்கிப் போய்விடும். போய்ச் சேர்ந்த எண்ணெயை எந்த ஆன்டிபயாடிக்கும் வெளியே எடுக்காது.

"மாத்திரை கொடுத்ததும் தண்ணீர் கொடுக்கச் சொல்லி டாக்டரே சொன்னாரே" என்று கேட்பீர்கள். உண்மைதான். பூனைக்கு வெறும் மாத்திரை உணவுக்குழாயிலேயே தங்கிவிடலாம். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போன்றவை தங்கிய இடத்தைப் புண்ணாக்கி, பிறகு அந்த இடமே சுருங்கிப் போகலாம். அதற்காகக் கொடுக்கும் தண்ணீர் வேறு வகை. பூனை நான்கு காலில் நிற்கும் அல்லது உட்கார்ந்திருக்கும், தலை நேராக இருக்கும், சிரிஞ்சின் முனை கன்னத்து ஓரமாகப் போகும், சொட்டுச் சொட்டாக விழும், விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. ஒருமுறை மருத்துவரைச் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். விக்கலுக்கு அது எந்த விதத்திலும் தேவையில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வையுங்கள். குடிக்க வேண்டுமென்றால் அதுவே குடிக்கும்.

புட்டிப்பால் குடிக்கும் குட்டிகளுக்கும் இதே விதிதான். பால் குடித்ததும் அவை விக்குவது சகஜம். குப்புறப் படுத்த வாக்கில், தாயிடம் குடிப்பது போல, தலை சற்று உயர்ந்திருக்கக் கொடுக்க வேண்டும். மல்லாக்க வைத்துக் கொடுக்கவே கூடாது. புட்டியைக் கவிழ்த்தால் பால் தாரையாக ஊற்றக் கூடாது. ஊற்றினால் ரப்பரின் துளை பெரிது, மாற்றுங்கள். மூக்கில் பால் தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்தி, முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் துடைத்துவிட்டு, அடுத்த சில மணி நேரம் மூச்சைக் கவனியுங்கள்.

பயமுறுத்துவது

பூனைக்கு விக்கல் போகாது, உங்கள் மேல் இருந்த நம்பிக்கைதான் போகும்.

பால் வைப்பது

வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காது. விக்கல் போய்ப் பேதி வரும்.

எல்லாவற்றையும் விக்கல் என்பது

"ரெண்டு மாசமா அடிக்கடி விக்குது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் வீடியோ கேட்பேன். பல தடவை அதில் இருப்பது இருமல். பூனை தரையோடு தரையாகப் பம்மி, கழுத்தை முன்னால் நீட்டி, 'கஹ் கஹ்' என்று நெஞ்சிலிருந்து வரும் சத்தத்தோடு பல முறை குலுங்கும். முடிவில் ஒருமுறை விழுங்கும். ஒன்றும் வெளியே வராது. அந்தக் கடைசி விழுங்கலைப் பார்த்துத்தான் வீட்டில் விக்கல் என்றோ முடியுருண்டை என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். அது ஆஸ்துமாவாக இருக்கலாம். நுரையீரல் புழுவாகவும் இருக்கலாம். ஆஸ்துமா என்றால் பூனைக்கும் இன்ஹேலர் உண்டு, முகமூடி வைத்துக் கொடுப்பார்கள், நன்றாகவே கட்டுப்படும். விக்கல் என்று விட்டுவைத்த மாதங்கள்தான் வீண்.

முடியுருண்டை வரும்போது வயிறு அலை அலையாக ஏறி இறங்கும், வாய் திறந்து ஓங்கரிக்கும், கடைசியில் ஈரமான முடிச்சுருள் ஒன்று வந்து விழும். அதையும் விக்கலையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. தொடர்ந்து ஓங்கரித்தும் எதுவும் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

விக்கலைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்க்காமல் இருப்பது

அடிக்கடி விக்கும் குட்டி பெரும்பாலும் அவசர அவசரமாகத் தின்னும் குட்டி. தீனியோடு காற்றையும் விழுங்குகிறது. ஏன் அவசரம் என்று பாருங்கள். பல பூனைகள் இருக்கும் வீட்டில் கிண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில் மெல்லாமலே விழுங்கும். ஆளுக்கொரு அறை, முடியாவிட்டால் ஒன்றை ஒன்று பார்க்க முடியாத மூலைகள். இதைச் செய்ததும் பாதி வீடுகளில் விக்கல் குறைந்துவிடுகிறது.

அடுத்து, ஆழமான கிண்ணத்தை எடுத்துவிட்டு அகலமான தட்டில் தீனியைப் பரப்பி வையுங்கள். ஈரத்தீனி என்றால் தட்டில் தேய்த்துப் பூசிவிடலாம். நக்கி நக்கித் தின்ன நேரம் எடுக்கும். ஒரே நேரத்தில் குவிக்காமல், அதே அளவை நான்கைந்து வேளையாகப் பிரியுங்கள். மேடு பள்ளம் வைத்த மெதுத்தீனிக் கிண்ணங்கள் விற்கிறார்கள், நல்லதுதான். ஆனால் முதல் நாளே கடினமானதை வைத்தால் சில பூனைகள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போய்விடும்.

முடியை வாரிவிடுவதும் குடற்புழு மருந்தைக் காலத்தில் கொடுப்பதும் இதோடு சேர்ந்தவை. குட்டிகளின் உருளைப்புழு குடலோடு நிற்பதில்லை, வளரும் கட்டத்தில் நுரையீரல் வழியாகவும் போய் வரும். குட்டி அடிக்கடி செருமுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டினி போடுவது

கூடாது. குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். பருத்த பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே வந்துவிடும்.

நம் மருந்தைக் கொடுப்பது

ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். வேறு மாத்திரைகளைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நூலை இழுப்பது

திடீரென்று விக்கல் மாதிரி ஆரம்பித்து, எச்சில் ஒழுகி, பூனை வாயைக் கையால் தேய்த்துக்கொண்டால் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நாக்கின் அடியில் ஒரு நூல் சுற்றியிருக்கலாம். கண்ணில் பட்டதும் கை தானாக இழுக்கப் போகும். இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் இருக்கலாம், ஊசியோடும் இருக்கலாம். இழுத்தால் நூல் குடலை அறுக்கும். வெட்டவும் வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

வீடியோ இல்லாமல் மருத்துவரிடம் போவது

மருத்துவமனை வாசலை மிதித்ததும் விக்கல், இருமல் எல்லாம் மாயமாகிவிடும். பூனை சிலை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வந்தவர் தானே விக்கிக் காட்ட வேண்டியதுதான். ஆகவே வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்காமல், பக்கவாட்டில் நின்று கழுத்து முதல் வயிறு வரை தெரியும்படி, டிவியை அணைத்துவிட்டு எடுங்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்து வையுங்கள்.

கூடவே, பூனை ஆழ்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால், இருமலோ விக்கலோ, இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது

சாப்பிட்டபின் வரும் குட்டி விக்கலுக்கு நாளையும் வேண்டாம், மறுநாளும் வேண்டாம். ஆனால் விக்கல் மணிக்கணக்காக விடாமல் நீடித்தாலோ, தினமும் திரும்பத் திரும்ப வந்தாலோ, வயதான பூனைக்குப் புதிதாகத் தொடங்கினாலோ, வாந்தியோ சாப்பாட்டு மறுப்போ கூட இருந்தாலோ காட்டிவிடுங்கள். உணவுக்குழாயில் அடைப்பு, ஒவ்வாமை, இதய நோய், அரிதாகக் கட்டி என்று பின்னால் காரணம் இருக்கலாம்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தால், அது விக்கலே இல்லை. நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். ஓடியாடியோ வெயிலிலோ நாய் இளைப்பது சகஜம், ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் பூனை இளைப்பது சகஜமில்லை. மடியில் இறுக்கி அணைக்காமல், துண்டில் சுற்றாமல், காற்றோட்டமான கூடையில் அது எப்படி உட்கார விரும்புகிறதோ அப்படியே உட்கார விடுங்கள். கிளம்புமுன் மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு மூச்சுத் திணறும் பூனையோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டால், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆக்சிஜனைத் தயாராக வைத்திருப்பார்கள்.