லக்ஸர் மேற்குக் கரை: கல்லறைகளையும் கோயில்களையும் ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

நைல் நதியின் மேற்குக் கரை பண்டைய எகிப்தியருக்கு இறந்தவர்களின் திசை. சூரியன் மறையும் அந்தப் பக்கத்து மலைக்குள்தான் மன்னர்களைப் புதைத்தார்கள். அந்தக் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய தொழிலாளர்களின் ஊரும் அதே மலையின் மறுபுறத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. முதல் பயணத்தில் பாதிதான் நடந்தது. இரண்டாம் முறை முழுவதும் பார்த்தேன். அந்த இரண்டாவது நாளின் வரிசையைத்தான் இங்கே தருகிறேன்.

படி 1: வழிகாட்டியிடம் இடங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

பெரிய பேருந்துக் குழுக்கள் பெரும்பாலும் மன்னர்கள் பள்ளத்தாக்கு, பெண் மன்னர் ஹத்ஷெப்சுத்தின் கோயில், மெம்னோன் சிலைகள் ஆகியவற்றைக் காட்டிவிட்டு, இடையில் அலபாஸ்டர் கல்லில் செய்த பொருள்கள் விற்கும் ஒரு கடைக்கும் அழைத்துப் போகும். நான் பரிந்துரைப்பது உரிமம் பெற்ற தனி வழிகாட்டியும் ஒரு காரும். முன்பதிவு செய்யும்போதே “தேர் எல் மதீனா, மெதினெத் ஹாபு இரண்டும் வேண்டும், கடைகள் வேண்டாம்” என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். தேர் எல் மதீனா நான் மேலே சொன்ன தொழிலாளர்களின் ஊர், மெதினெத் ஹாபு மூன்றாம் ராம்சேஸின் கோயில்.

காரில் போனால் கிழக்குக் கரையிலுள்ள நகருக்குத் தெற்கே உள்ள பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். லக்ஸர் கோயிலுக்கு எதிரே உள்ளூர் மக்கள் ஏறும் படகில் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். வழிகாட்டியை மேற்குத் துறையிலேயே காத்திருக்கச் சொல்லுங்கள். பள்ளத்தாக்கு காலை 6 மணிக்குத் திறக்கிறது. முடிந்தவரை அந்த நேரத்தை ஒட்டியே அங்கே போய்விடுவது நல்லது.

படி 2: டிக்கெட்

முதல் பயணத்தில் நான் இடறிய இடம் இதுதான். மன்னர்கள் பள்ளத்தாக்குக்கும் ஹத்ஷெப்சுத் கோயிலுக்கும் அந்தந்த வாசலிலேயே டிக்கெட் கிடைக்கிறது. எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு தேர் எல் மதீனா வாசலுக்குப் போனேன். அங்கே கவுன்டர் இல்லை. மெம்னோன் சிலைகளைத் தாண்டிய சாலைச் சந்திப்பில் ஒரு பொது டிக்கெட் அலுவலகம் இருக்கிறது. தேர் எல் மதீனா, மெதினெத் ஹாபு, இரண்டாம் ராம்சேஸின் கோயிலான ராமசேயம், பிரபுக்களின் கல்லறைகள் ஆகியவற்றுக்கு அங்கேதான் வாங்க வேண்டும். திரும்பிப் போய் வாங்கி வர நேரமில்லாமல் அன்று வாசலோடு திரும்பினேன்.

அதனால் காலையில் படகிலிருந்து இறங்கியதும் முதலில் அந்த அலுவலகத்துக்குப் போய், அன்றைக்கு வேண்டிய சிறிய இடங்களுக்கெல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பிறகு பள்ளத்தாக்குக்குப் போங்கள். பல கவுன்டர்களில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு மட்டுமே. இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே இயக்கி வைத்துவிடுங்கள். முடிந்தால் இரண்டு கார்டுகள் கொண்டு போங்கள்.

படி 3: மன்னர்கள் பள்ளத்தாக்கு

பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமன், முதலாம் சேத்தி, ஐந்தாம் - ஆறாம் ராம்சேஸ் ஆகியோரின் கல்லறைகளுக்குத் தனித்தனி டிக்கெட். எவை திறந்திருக்கும் என்பது அவ்வப்போது மாறும்.

துட்டன்காமன் கல்லறையை 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த கதையை அறியாதவர்கள் குறைவு. ஆனால் அது மிகச் சிறியது. அதன் செல்வங்கள் இப்போது கெய்ரோ பக்கம் கீசாவின் பெரிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரே ஒரு கூடுதல் டிக்கெட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஐந்தாம் - ஆறாம் ராம்சேஸின் கல்லறையை எடுங்கள். அடக்க அறையில் நின்று தலையை உயர்த்தினால் வான் தேவதை நூத் கூரை நீளத்துக்கும் முதுகோடு முதுகாக இருமுறை வரையப்பட்டிருக்கிறாள். மாலையில் சூரியனை வாயால் விழுங்குகிறாள். இரவெல்லாம் அது அவள் உடலுக்குள் பயணம் செய்து காலையில் மறுபடி பிறக்கிறது. சூரிய வட்டுகள் அவள் உடல் நெடுக வரிசையாகச் சிவந்து கிடக்கின்றன. ஒரு சிறிய பைனாகுலர் வைத்திருந்தேன். இந்தப் பயணத்துக்கு அதைவிட உதவிய பொருள் வேறில்லை.

கல்லறைக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. வெளியே நிழலில் நின்று படம் காட்டிச் சொல்லிவிட்டு உங்களை மட்டும் உள்ளே அனுப்புவார்கள். அந்தப் பத்து நிமிடங்களைக் கவனமாகக் கேளுங்கள். எந்தச் சுவரில் எதைத் தேட வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘தீபன் மேப்பிங் ப்ராஜெக்ட்’ இணையதளத்தில் ஒவ்வொரு கல்லறைக்கும் வரைபடம் இருக்கிறது. முந்தைய இரவே உட்கார்ந்து பார்த்துவிட்டால் உள்ளே தடுமாற்றம் இராது.

படி 4: ஹத்ஷெப்சுத் கோயில்

மூன்று அடுக்குத் தளங்கள், பின்னால் செங்குத்துப் பாறை. கிழக்கு நோக்கிய கோயில் என்பதால் காலை வெயில் நேராக முகத்தில் விழும். நடுத் தளத்தின் இடப்பக்கத் தூண் வரிசையில் பூந்து நாட்டுக்குச் செங்கடல் வழியே சென்ற கப்பல் பயணம் செதுக்கப்பட்டிருக்கிறது: கூடையில் வேரோடு சுமந்து வரும் நறும்பிசின் மரங்கள், கப்பலுக்குக் கீழே தண்ணீரில் மீன்கள். அந்தச் செங்கடல் வழி நமக்கும் அந்நியமில்லை. ஹத்ஷெப்சுத்துக்குப் பதினைந்து நூற்றாண்டுகள் கழித்து, அதே கடற்கரையில் உள்ள குசைர் அல் கதீம் துறையில் ‘கணன்’, ‘சாதன்’ என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன.

படி 5: தேர் எல் மதீனா, பிறகு மெதினெத் ஹாபு

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். தேர் எல் மதீனாதான் கல்லறைத் தொழிலாளர்களின் ஊர். வீடுகளின் அடிச்சுவர்கள் இன்றும் தெருவாக நிற்கின்றன. சென்னெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறைக்குள் குனிந்துதான் இறங்க வேண்டும். உள்ளே நாலைந்து பேர் நின்றாலே இடம் நிறைந்துவிடும். மஞ்சள் பூசிய சுவரில் அவர் வெள்ளை ஆடையில் ஏர் உழுகிறார்; பின்னால் மனைவி இய்நெஃபெர்த்தி விதை தூவிக்கொண்டே வருகிறார். மறுமையிலும் இருவரும் சேர்ந்து வயலில் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். மன்னர் கல்லறைகளில் தேவர்களுக்கு நடுவே தேவராக நிற்கும் அரசரைப் பார்த்துவிட்டு வந்து இதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் இந்த ஊர்க்காரர்களுக்குத் தானியக் கூலி வரவில்லை. பசிக்கிறது என்று சொல்லி வேலையை நிறுத்தி, கோயில்களின் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தங்களில் ஒன்று அது. மெதினெத் ஹாபு அதே மன்னரின் கோயில். வடக்கு வெளிச்சுவரில் கடற்போர்க் காட்சி. முற்றத்துச் சுவரில், எதிரிகளை எண்ணுவதற்காக வெட்டிக் குவித்த கைகள். எழுத்துகளை அவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறார்கள், உள்ளங்கை முழுவதும் உள்ளே போய்விடும் போலிருக்கிறது. கடைசியாகத் தெற்கு வெளிச்சுவருக்குப் போங்கள். திருவிழா நாள்களில் தெய்வங்களுக்குப் படைக்க வேண்டிய ரொட்டி, பீர் முதலியவற்றின் கணக்கு அந்தச் சுவர் நெடுகப் பட்டியலாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கூலி வராத தொழிலாளர்களின் ஊரைப் பார்த்த கண்ணோடு அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

திரும்பும் வழியில் மெம்னோன் சிலைகள். மூன்றாம் அமென்ஹோதெப் அமர்ந்திருக்கும் இரண்டு உருவங்கள், டிக்கெட் தேவையில்லை, கால் மணி நேரம் போதும்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மூன்றாம் துட்மோஸ் கல்லறைக்குச் செங்குத்தான இரும்புப் படிகளில் ஏறி, உள்ளே மறுபடி இறங்க வேண்டும்; அதைத் தவிர்த்துவிடுங்கள். நான்காம் ராம்சேஸின் கல்லறையில் ஏறக்குறைய நேராக நடந்தே உள்ளே போய்விடலாம்.

காவலர் ஒருவர் கயிற்றைத் தாண்டி அழைத்துப் போய் ஏதோ காட்டிவிட்டுப் பணம் கேட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். அதற்குப் பக்ஷீஷ் என்று பெயர். கயிற்றைத் தாண்டாதீர்கள், புன்னகையோடு “லா, ஷுக்ரன்” (வேண்டாம், நன்றி) என்று சொன்னால் போதும். கைப்பேசியில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் கூடாது.

கிழக்குக் கரையில் உள்ள கர்நாக் கோயிலையும் அன்றே சேர்க்க முடியுமா என்பதுதான் அதிகம் வந்த கேள்வி. வேண்டாம். 134 தூண்கள் கொண்ட அந்த மண்டபத்துக்கு ஒரு காலை முழுவதும் கொடுங்கள். மேற்குக் கரையிலிருந்து திரும்பிய மாலையில், படகுத்துறைக்கு எதிரிலேயே உள்ள லக்ஸர் கோயிலுக்குப் போங்கள். அது இரவு வரை திறந்திருக்கும், விளக்குகளும் எரியும். வாசலில் தனியாக நிற்கும் ஒற்றைக்கல் தூபியின் (ஓபெலிஸ்க்) ஜோடி இப்போது பாரிஸில் இருக்கிறது.