காரைக்குடிப் பொட்டலில் பேஸ்பால் பிட்ச்சிங்

கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டுப் பழகிய பையனுக்கு முதல் தடை முழங்கைதான். அங்கே மடக்கி நிமிர்த்தினால் நோ பால். இங்கே, பேஸ்பாலில் அடிப்பவருக்குப் பந்தெறியும்போது (பிட்ச்சிங்), மடக்காவிட்டால் வேகமே வராது.

செம்மண்ணை நனைத்து, திமிசு போட்டு இறுக்கி, எறிபவன் நிற்க 10 அங்குலத்துக்கு மேடு கட்டுங்கள். அங்கிருந்து ஹோம் பிளேட் (அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் தரைத்தட்டு) 60 அடி 6 அங்குலம். மேடு இளகினால் முன்கால் வழுக்கும், தோள் அடிவாங்கும்.

முதலில் நான்கு தையல் பிடி மட்டும் போதும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே, கட்டைவிரல் கீழே. பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கட்டும். அமுக்கிப் பிடித்தால் சுழற்சி செத்துவிடும். முன்கால் ஊன்றும்போது முழங்கை தோள்மட்டத்தில் நிற்க வேண்டும். கீழே தொங்கினால் பந்து மேலே பறக்கும், முழங்கையின் உள்பக்கம் வலிக்கும். அந்த வலியோடு ஒரு பந்துகூட எறிய விடாதீர்கள். தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை வரை போனால் மீள ஓராண்டுக்கு மேல் ஆகும்.

15, 16 வயதுக்கு நாளொன்றுக்கு 95 பந்துதான் உச்சம். 76ஐத் தொட்டாலே நாலு நாள் ஓய்வு. சித்திரை வெயிலில் காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள்.

2008இல் அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் ஈட்டி எறிந்தவர்கள். உங்கள் பள்ளியில் ஈட்டி எறிகிறவனையும் கூப்பிட்டுப் பாருங்கள்.